வால்பேப்பருக்கு ஓட்டுப் போடலாம், ஐகானுக்கு?

லினக்ஸ் என்றதும் மனதில் வந்து உட்காரும் அந்தக் குண்டுப் பென்குயினை, டக்ஸை, 1996-இல் லாரி யூயிங் ஜிம்ப் என்ற படம் வரையும் மென்பொருளில் வரைந்தார். லினக்ஸுக்கு லோகோ தேர்ந்தெடுக்க அப்போது மூன்று போட்டிகள் நடந்தன. டக்ஸ் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. ஆனால் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்குப் பென்குயின் பிடித்திருந்தது. தன் பெயரையும் ஜிம்ப்பையும் குறிப்பிட்டால் போதும், யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று யூயிங் அனுமதி கொடுத்திருந்தார். ஆளாளுக்கு எடுத்து ஒட்டினார்கள், தொப்பி போட்டார்கள், சட்டை மாட்டினார்கள். ஜெயித்த படங்கள் இன்று யார் பேச்சிலும் வருவதில்லை.

யாரும் எடுத்து மாற்றிப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருள் உலகில் ஒரு தோற்றம் எப்படி முடிவாகிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். பகலில் அச்சகங்களுக்கு லேஅவுட் செய்து கொடுப்பது என் பிழைப்பு. இரவில், பல வருடங்களாக, கட்டற்ற மென்பொருள்களுக்கு ஐகான் வரைவது, தமிழ் இடைமுகத்தைச் சோதித்துப் பார்ப்பது, மற்றவர்கள் போடும் வரைவுகளுக்குக் கருத்துச் சொல்வது. ஊரில் நடக்கும் கணினிப் பட்டறைகளுக்குப் போனால் கல்லூரி மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, இந்த டிசைன் எங்க யாருக்குமே பிடிக்கல. நாங்க எல்லாரும் சேர்ந்து ஓட்டுப் போட்டா மாத்த மாட்டாங்களா?"

மாற்ற மாட்டார்கள். ஏன் என்பது புரியாமல் நல்ல திறமைசாலிகள் மனம் நொந்து விலகிப் போவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

ஓட்டுக்கு விடக்கூடிய விஷயங்கள் இருக்கின்றன. லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட டெபியன் இயங்குதளத்தின் வால்பேப்பர் நல்ல உதாரணம். ஒவ்வொரு பெரிய வெளியீட்டுக்கு முன்பும் டெபியன் டெஸ்க்டாப் குழு படங்களை அனுப்பச் சொல்லி அழைப்பு விடுக்கும். யாரும் அனுப்பலாம், யாரும் வாக்களிக்கலாம். டெபியன் 11-க்கு 18 தோற்றங்கள் வந்தன; 5,613 பேர் வாக்களித்து, ஜூலியட் தக்காவின் 'ஹோம்வேர்ல்டு' தேர்வானது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு 6 தோற்றங்கள், 2,817 வாக்குகள். எலிஸ் கூப்பரின் 'செரடாப்சியன்' வென்றது. அந்த வெளியீட்டின் பெயர் ட்ரிக்ஸி, ஒரு பொம்மை டைனோசரின் பெயர். கொம்புள்ள டைனோசர் இனத்தின் பெயரைப் படத்துக்கு வைத்த அந்தப் பொருத்தம் எனக்கு மிகவும் பிடித்தது.

அந்த அழைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால்தான் ஓட்டு ஏன் அங்கே சரிப்படுகிறது என்று தெரியும். அழகான ஒரு படத்தை மட்டும் அனுப்பினால் போதாது. கணினியை இயக்கியதும் வரும் கிரப் பட்டியலின் பின்புலம், உள்நுழைவுத் திரை, நிறுவியின் மேல்பட்டை என்று எல்லாவற்றுக்கும் அந்தத் தோற்றம் பொருந்தி வர வேண்டும். அகலத் திரைக்கும் பழைய சதுரத் திரைக்கும் தனித்தனி அளவு வேண்டும். மூலக்கோப்பு வேண்டும், கட்டற்ற உரிமம் வேண்டும். வாக்காளர் கையில் பட்டியல் போய்ச் சேரும் முன்பே கடினமான கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடுகிறது. மிச்சம் இருப்பது ரசனை மட்டும். ரசனைக்கு ஓட்டுப் போடலாம். அதிலும், ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லாமல் வரிசைப்படுத்தச் சொல்கிறார்கள். பலருக்கு இரண்டாவதாகப் பிடித்த படம், சிலருக்கு மட்டும் வெறியாகப் பிடித்த படத்தை முந்த முடியும். ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் பார்க்கப் போகிற திரைக்கு இதைவிட நியாயமான வழி இல்லை. அப்படியும் பிடிக்காதவர் இரண்டு கிளிக்கில் தன் குழந்தையின் படத்தை வைத்துக்கொள்ளலாம்; யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஐகான் அப்படி இல்லை. பட்டன் இருக்கும் இடமும் அப்படி இல்லை. அவை கையின் பழக்கத்தோடு கலந்தவை.

2010-இல், இன்னொரு லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் 10.04 வெளியீடு வரவிருந்த சமயம். சன்னலை மூடும், சுருக்கும், பெரிதாக்கும் பட்டன்களை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றினார்கள். வழு அறிக்கையில், அதாவது பிழைகளைப் பதிவிடும் பக்கத்தில், கொதிப்பு. டிசைனை ஓட்டுப் போட்டுத் தீர்மானிப்பதில்லை, இது ஜனநாயகம் இல்லை, நல்ல கருத்தும் நல்ல தரவும் வந்தால் வரவேற்போம் என்ற பொருளில் உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வர்த் பதில் எழுதினார். அந்தப் பதிலை ஆணவத்துக்கு உதாரணமாக இன்றும் பலர் எடுத்துக் காட்டுகிறார்கள். அவர் சொன்ன கொள்கை சரி என்றே நான் நினைக்கிறேன். ஆயிரம் பேரின் கோபம் ஒரு டிசைனைத் தப்பாக்கிவிடாது, ஆயிரம் பேரின் கைதட்டல் சரியாக்கிவிடாது. குறை, எது முதலில் எது பிறகு என்ற வரிசையில் இருந்தது. முதலில் பட்டன் நகர்ந்தது. வலப்பக்கத்தைக் காலி செய்து அங்கே புதிதாக ஏதாவது செய்து பார்க்கலாம் என்ற காரணம் பின்னால், சண்டைக்கு நடுவே வந்தது. காரணம் முன்னால் வந்திருந்தால் சண்டை வராமல் போயிருக்கும் என்று சொல்லவில்லை; சண்டை எதைப் பற்றி என்றாவது எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அந்தப் பட்டன்கள் 2017 அக்டோபரில் வந்த 17.10 வரை இடப்பக்கமே இருந்தன. ஏழு வருடப் பழக்கத்துக்குப் பிறகு வலப்பக்கம் திரும்பியபோது, இடப்பக்கமே வேண்டும் என்று முறையிட்டவர்களும் இருந்தார்கள்.

உபுண்டுவுக்குப் பின்னால் ஒரு நிறுவனம் இருக்கிறது, சொல்ல ஒருவர் இருந்தார். சம்பளமே இல்லாத இடத்தில், 'நான் சொல்கிறேன், செய்' என்று யாரும் யாரிடமும் சொல்ல முடியாத இடத்தில், முடிவு எப்படி விழுகிறது?

லினக்ஸுக்கு டெஸ்க்டாப் தரும் கேடிஈ திட்டத்தின் பிரீஸ் ஐகான்களை எடுத்துக்கொள்கிறேன். என் கை அதிகம் புழங்கியது அங்கேதான். கேடிஈ 4 காலத்தில், 2008-இலிருந்து, ஆக்சிஜன் ஐகான்கள். பளபளப்பு, நிழல், கண்ணாடி போன்ற மினுக்கு. ஒவ்வொன்றும் சின்ன ஓவியம். அதை வரைய கைதேர்ந்த ஓவியர் வேண்டும். 2014 ஜூலையில் கேடிஈயின் புதிய டெஸ்க்டாப்பான பிளாஸ்மா 5 வந்தபோது, காட்சி வடிவமைப்புக் குழு என்று தன்னார்வலர்கள் ஒன்றுகூடி உருவாக்கிய பிரீஸ் வந்தது. சிறிய அளவில் ஒரே நிறக் கோடுகள், பெரிய அளவில் தட்டையான வண்ணம். உயிரோட்டம் போய்விட்டது என்று வருந்தியவர்கள் இருந்தார்கள். அந்த வருத்தத்தில் உண்மையும் உண்டு. ஆனால் என்னைப் போல ஓவியர் அல்லாத ஒருவர் உட்கார்ந்து, ஏற்கெனவே இருக்கும் நூற்றுக்கணக்கான ஐகான்களோடு சேர்ந்து நிற்கும்படி ஒன்றை வரைய முடிந்தது பிரீஸில்தான்.

அதை வரைவது எப்படி என்று கிட்டத்தில் காட்டுகிறேன். இங்க்ஸ்கேப் என்ற வரைகலைச் செயலியில் 22 பிக்சல் சதுரத்தில் வரைகிறீர்கள். கோடு ஒரு பிக்சல் தடிமன். அது பிக்சல் கட்டத்தின் மேல் சரியாக உட்கார வேண்டும். அரை பிக்சல் தள்ளி நின்றால் திரையில் இரண்டு பிக்சலுக்குப் பரவிச் சாம்பல் பூத்துத் தெரியும். வரைந்ததும் வேலை முடியவில்லை. படத்தைக் கோடுகளாகச் சேமிக்கும் எஸ்விஜி கோப்பை எழுத்துத் தொகுப்பியில் திறந்து, உள்ளே 'கரண்ட்-கலர்-ஸ்கீம்' என்று ஒரு ஸ்டைல் பகுதி இருக்கிறதா, கோடுகளுக்கு 'கலர்ஸ்கீம்-டெக்ஸ்ட்' வகுப்பு கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இருந்தால்தான் பயனர் கருந்தோற்றத்துக்கு மாறும்போது ஐகானும் வெளிர் நிறத்துக்கு மாறும். புதிதாக வருபவர்கள் அனுப்பும் ஐகான்களில் #232629 என்ற கருஞ்சாம்பல் நிறம் கோட்டிலேயே நேராகப் பூசப்பட்டிருக்கும். வெள்ளைப் பின்புலத்தில் அழகாக இருக்கும். கருந்தோற்றத்தில் ஐகான் இருக்கும் இடமே தெரியாது.

மதிப்பாய்வில் 'பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை' என்ற பேச்சு வரும் முன்பே இந்த மாதிரிக் கேள்விகள் பாதி முடிவைச் செய்துவிடுகின்றன. 16 பிக்சலில் என்னவென்று தெரிகிறதா? கருந்தோற்றத்தில் பார்த்தீர்களா? வலமிருந்து இடம் எழுதும் மொழிகளில் இந்த அம்பு திரும்ப வேண்டுமா? பக்கத்து ஐகானோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டா? ஒரு திட்டத்தின் டிசைன் வழிகாட்டியை நான் மதிப்பது இதற்காகத்தான். அது வாதத்தைத் தடுப்பதில்லை, வாதம் எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று காட்டுகிறது. புதிதாக ஒரு சமூகத்துக்குள் போகிறவர் முதலில் அதை முழுதாகப் படித்துவிட வேண்டும். பிறகு அதில் இல்லாத ஒன்றைக் கேட்டால் உங்களை மதித்துப் பதில் சொல்வார்கள்.

ஒரு டிசைனுக்குத் தேவைப்படும் உழைப்பே முடிவு செய்கிறது என்பதற்கு, க்னோம் என்ற இன்னொரு டெஸ்க்டாப் திட்டத்தின் 2019 மாற்றம் தெளிவான சாட்சி. அதுவரை ஒரு செயலியின் ஐகானைப் பல அளவுகளில் தனித்தனியாகச் செதுக்கினார்கள். 16-க்கு ஒன்று, 22-க்கு ஒன்று, 32-க்கு ஒன்று, 48-க்கு ஒன்று. க்னோமுக்குள் கைதேர்ந்தவர்கள் இருந்ததால் அது நடந்தது. வெளியே தனியாக ஒரு செயலி எழுதும் மாணவர் அதற்கு எங்கே போவார்? அவருடைய செயலி பட்டியலில் அந்நியமாக நின்றது. 3.32 வெளியீட்டோடு எளிய வடிவங்கள், குறைந்த விவரம், ஒரே ஒரு எஸ்விஜி கோப்பு என்று மாற்றினார்கள். வரைந்ததைச் சரிபார்க்க ஐகான் முன்னோட்டச் செயலியையும் எழுதிக் கொடுத்தார்கள். இதற்கு வாக்கெடுப்பு நடக்கவில்லை. 'எது அழகு' என்று கேட்டிருந்தால் பழைய ஐகான்களே ஜெயித்திருக்கும் என்பது என் கணிப்பு. அவர்கள் கேட்டது 'எதை எல்லாராலும் வரைய முடியும்' என்று. கேள்வி மாறியதும் விடையும் மாறிவிட்டது.

மாணவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது சுருக்கமாக இதுதான்: தன்னார்வலர் சமூகத்தில் முடிவு, கேள்வியை எப்படிப் போடுகிறோம் என்ற இடத்திலேயே பெரும்பாலும் விழுந்துவிடுகிறது. அதன் பிறகு அந்த வேலையைக் கடைசிவரை சுமக்க யார் நிற்கிறார் என்பதில் உறுதியாகிறது. ஓட்டுப்பெட்டி அதற்குப் பிறகு வந்தால் நல்லது. அதற்கு முன்னால் வந்தால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறேன்.

நான் உதவிக்கொண்டிருந்த ஒரு சிறிய குறிப்பெடுக்கும் செயலி. மேல்பட்டையை மாற்ற மூன்று வரைவுகள் வந்தன. மூன்றும் ஒருவர் வரைந்தவை, மூன்றும் பார்க்க நன்றாக இருந்தன. ஆர்வத்தில் உடனே வாக்கெடுப்பு வைத்தார்கள். இரண்டாவது வரைவு பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது. எல்லாருக்கும் மகிழ்ச்சி. அதைச் செய்ய வேண்டுமானால் சன்னலின் தலைப்புப் பட்டையையே புதிதாக எழுத வேண்டும் என்பது பிறகுதான் தெரிய வந்தது. நிரல் எழுதும் இருவருக்கும் அதற்கு நேரம் இல்லை. அவர்கள் மேல் தப்பும் இல்லை. வாக்கெடுப்புக்கு முன்னால் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஜெயித்த வரைவு அப்படியே கிடந்தது. மூன்றாவது வரைவை ஒரே வாரத்தில் செய்திருக்கலாம், ஆனால் அது தோற்றுப்போன வரைவு ஆகிவிட்டதால் அதைத் தொடவும் யாருக்கும் மனம் வரவில்லை. வரைந்தவர் மெல்ல வருவதை நிறுத்திக்கொண்டார். அவர் போனதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எந்த வரைவும் பொதுவெளிக்குப் போகும் முன் அதன் பக்கத்தில் ஒரு பெயர் இருக்க வேண்டும்: 'இது தேர்வானால் நான் எழுதுகிறேன்.' பெயர் கிடைக்காத வரைவைப் பட்டியலில் வைப்பதில்லை. எத்தனை அழகாக இருந்தாலும்.

சரி, இரண்டையும் வைத்துவிட்டால் என்ன என்று அடுத்துக் கேட்பார்கள். அமைப்புகளில் ஒரு தேர்வுப்பெட்டி, பிரச்சினை தீர்ந்தது. சில நேரம் அதுவும் சரியான முடிவே. லிப்ரெஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளில் பழைய கருவிப்பட்டையும் தாவல் வடிவ இடைமுகமும் சேர்ந்தே இருக்கின்றன. 2017 பிப்ரவரியில் 5.3 வெளியீட்டில் சோதனை முயற்சியாக வந்த தாவல் வடிவம், 2021-இல் 7.1 வந்தபோது முதல்முறை திறக்கையிலேயே எது வேண்டும் என்று கேட்கும் அளவுக்கு இடம் பிடித்தது. பதினைந்து வருடமாகப் பழைய பட்டையில் கை பழகிய அலுவலக எழுத்தருக்கும், பள்ளியில் மைக்ரோசாஃப்ட் ஆபிஸின் ரிப்பன் பட்டையைப் பார்த்து வளர்ந்த மாணவிக்கும் ஒரே மென்பொருள். அங்கே இரண்டு வழி நியாயம்.

ஆனால் ஒவ்வொரு தேர்வுக்கும் ஒருவர் தலையைக் கொடுக்க வேண்டும். லிப்ரெஆபிஸில் கொலிப்ரே, பிரீஸ், எலிமென்டரி, சிஃபர், சுகபுரா, கரசா ஜாகா என்று ஐகான் தொகுப்புகள் இருக்கின்றன. புதிதாக ஒரு கட்டளை சேர்ந்தால் ஒவ்வொரு தொகுப்புக்கும் அதன் பாணியில் வரைய வேண்டும், கருந்தோற்றத்துக்கும் சேர்த்து. இதில் பெரும்பங்கை இந்தோனேசியத் தன்னார்வலர் ஒருவர் பல வருடம் சுமந்தார். பயனர் கண்ணுக்கு அது ஒரு கீழ்விரி பட்டியல். அதன் பின்னால் ஒரு மனிதரின் வார இறுதிகள். 'அதையும் ஒரு ஆப்ஷனாக வையுங்களேன்' என்று எழுதும் முன் அந்த மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு பட்டறையிலும் கேட்டுக்கொள்கிறேன்.

தமிழ் பக்கம் வருகிறேன். தமிழில் மென்பொருள் பயன்படுத்துகிறவர்கள் சொல்லக்கூடிய, வேறு யாரும் சொல்ல முடியாத டிசைன் குறைகள் நிறைய இருக்கின்றன. அவற்றைச் சொல்லும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு கோப்புப் பட்டியலில் வரிசையின் உயரத்தை நிலையான பிக்சல் எண்ணாக எழுதி வைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் கச்சிதமாக இருந்தது. தமிழில் 'கூ', 'மு', 'ழு' போன்ற எழுத்துகளின் கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டது. மேலே 'கீ', 'தீ' கொண்டை இழந்து நின்றன. இதைப் பற்றி முன்பே ஒருவர் 'தமிழ் எழுத்துரு மோசமாகத் தெரிகிறது, மாற்றவும்' என்று எழுதியிருந்தார். எழுத்துருவைத்தான் குறை சொல்கிறார் என்று நினைத்து மூடிவிட்டார்கள். நான் அதே பட்டியலை ஆங்கிலத்திலும் தமிழிலும் படம்பிடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெட்டுப்படும் இடத்தில் சிவப்புக் கோடு போட்டு, என்ன எழுத்துரு, என்ன அளவு, திரையின் பெரிதாக்கம் என்ன என்று எழுதி அனுப்பினேன். தமிழே தெரியாத பராமரிப்பாளருக்கு அந்தச் சிவப்புக் கோடு புரிந்தது. அவர் உயரத்தைக் கூட்டினார். உடனே இன்னொரு பக்கத்திலிருந்து எதிர்ப்பு: சிறிய மடிக்கணினித் திரையில் பட்டியல் நீளமாகிறது, முன்பு தெரிந்த கோப்புகள் இப்போது தெரியவில்லை. அதுவும் நியாயமான குறை! யாருக்கு விட்டுக்கொடுப்பது என்று பேச்சு நீண்டது. கடைசியில் நிலையான எண்ணையே தூக்கிவிட்டு, எழுத்துருவிடமே அதன் உயரத்தைக் கேட்டு வரிசையை அமைக்கும்படி மாற்றினார்கள். ஆங்கிலத்தில் பட்டியல் பழையபடி நெருக்கமாக, தமிழில் எழுத்து முழுதாக. இரண்டு தரப்பும் தங்கள் குறையைத் துல்லியமாகச் சொன்னதால் மட்டுமே அந்த மூன்றாவது வழி கண்ணில் பட்டது.

இன்னொன்று, ஒரு மாணவி கண்டுபிடித்தது. ஒரு செயலியின் பக்கப்பட்டையில் பிரிவுத் தலைப்புகளை ஆங்கிலப் பெரிய எழுத்தில் வைத்து, அதன் கீழே உள்ளடக்கத்தைச் சாதாரண எழுத்தில் வைத்திருந்தார்கள். அந்த ஒரு வித்தியாசம்தான் தலைப்பு எது, உருப்படி எது என்று காட்டியது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாதே. எல்லாம் ஒரே வரிசையாக, ஒரே மாதிரி தெரிந்தது. "அண்ணா, இதுல எதைக் கிளிக் பண்ணணும்னே தெரியல" என்றார். அதையே அப்படியே எழுதச் சொன்னேன். 'தலைப்பு அழகாக இல்லை' என்று எழுதாதே, 'தலைப்பைக் கிளிக் செய்து பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை' என்று எழுது. எழுதினார். சில நாளில் இந்தி, மலையாளம், அரபி மொழிபெயர்ப்பாளர்களும் எங்களுக்கும் அதே கதை என்று கீழே வந்து சேர்ந்தார்கள். தலைப்புக்குத் தடிமனும் வேறு நிறமும் கொடுத்தார்கள். ஆங்கிலப் பயனர்களுக்கும் முன்பைவிடத் தெளிவாக இருந்தது.

ஒரு மொழிக்காரர் தனியாகக் கேட்டால் சலுகை கேட்பது போல ஒலிக்கும். நாலு மொழிக்காரர்கள் சேர்ந்தால் டிசைனின் ஓட்டை வெளியே தெரியும். அதனால் எதையும் பதிவிடும் முன் மற்ற இந்திய மொழிக் குழுக்களில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். தமிழில் சாய்வெழுத்தைத் தவிர்க்கச் சொல்வதும் இப்படித்தான். பல தமிழ் எழுத்துருக்களில் உண்மையான சாய்வு வடிவம் இல்லை, கணினி நேரெழுத்தைப் பிடித்துச் சாய்த்துக் காட்டுகிறது. சிறிய அளவில் அதைப் படிப்பது கண்ணுக்குத் தண்டனை.

கருத்துக் கேட்பது பற்றிக் கொஞ்சம். 1999-இல் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளக் குழுவுக்கு பால்-ஹென்னிங் காம்ப் எழுதிய ஒரு மின்னஞ்சலிலிருந்து சைக்கிள் கொட்டகை என்ற பேச்சு நிரலாளர்களிடையே பரவியது. அணு உலைக்குத் திட்டம் கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள், கொட்டகைக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு கருத்துச் சொல்வார்கள் என்பது அதன் சாரம். டிசைன் பேச்சு நீளும்போதெல்லாம் யாராவது இதைச் சொல்லி மற்றவர்கள் வாயை அடைப்பார்கள். எனக்கு அது உவப்பில்லை. வண்ணம் பற்றிப் பேசுகிறவர் அக்கறையோடு வந்தவர்தான். 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் அவர் வேறு என்ன சொல்வார்? 'இந்த மூன்று ஐகானில் எதை அழுத்தினால் கோப்பு அழியும் என்று நினைக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். அதே மனிதர் தங்கமான பதில் தருவார்.

ஃபெடோரா என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் லோகோ மாற்றம் இதற்கு நான் அடிக்கடி காட்டும் பாடம். 2018-இல் வடிவமைப்பாளர் மெய்ரின் டஃபி அந்த வேலையைப் பொதுவில் தொடங்கியபோது, புதிய படங்களோடு பழைய லோகோவின் கஷ்டங்களையும் விளக்கமாக எழுதி வைத்தார். ஒரே நிறத்தில் அச்சிட முடியவில்லை. கரும்பின்புலத்தில் நீலம் எடுபடவில்லை. வட்டமான குமிழியின் ஒரு மூலை கூராக இருப்பதால் நடுவில் பொருத்துவது தொல்லை. பெயரின் கடைசி எழுத்து 'ஏ'-யா 'ஓ'-வா என்று சந்தேகம் வருகிறது. அச்சகத்தோடு பிழைக்கிற எனக்கு முதல் குறையின் வலி நன்றாகத் தெரியும். டீசர்ட்டுக்கு, பேனாவுக்கு, பைக்கு ஒற்றை நிறத்தில் லோகோ கேட்டு வருகிறவர்களிடம் பல வண்ண லோகோவை வைத்துக்கொண்டு முழித்திருக்கிறேன். குறைகள் எழுத்தில் இருந்ததால், வந்த கருத்துகளை எதைக் கொண்டு அளப்பது என்று தெரிந்தது. 'எனக்குப் பழையது பிடிக்கும்' என்றவருக்கும் மரியாதையோடு பதில் சொல்ல முடிந்தது. நிதானமாகத்தான் நடந்தது, புதிய லோகோ 2021-இல் ஃபெடோரா 34-உடன் புழக்கத்துக்கு வந்தது. தன்னார்வலர் வேலைக்கு அந்த வேகம் இயல்பானது.

சின்ன விஷயங்களுக்கு இவ்வளவு காலம் தேவையில்லை. கெடு வைத்துவிடுங்கள். 'இரண்டு வாரம் கருத்துக் கேட்கிறேன், அதன் பிறகு இந்தப் பராமரிப்பாளர் முடிவு செய்வார்' என்று முதல் வரியிலேயே எழுதினால் பாதிச் சண்டை குறைகிறது. முடிவு செய்பவர் யார் என்று தெரியாத இடத்தில் எல்லாரும் கத்துகிறார்கள், ஏனென்றால் கடைசியாகப் பேசியவர் ஜெயிப்பார் என்று தோன்றுகிறது.

முடிந்தவரை படத்தைக் காட்டாமல் பொருளைக் கையில் கொடுங்கள். 2017-இல் உபுண்டுவின் சொந்த டெஸ்க்டாப்பான யூனிட்டி கைவிடப்பட்ட பிறகு, உபுண்டுவுக்குப் புதுத் தோற்றம் செய்ய ஆர்வலர்கள் கூடினார்கள். பிறகு 'யாரு' (Yaru) என்று பெயர் பெற்ற அந்தத் தோற்றத்தை 18.04-இலேயே எல்லாருக்கும் தானாக வரும் இயல்புநிலையாக வைக்க ஆசைப்பட்டார்கள். வழுக்கள் மிச்சம் இருந்ததால் அது நடக்கவில்லை. மனம் தளராமல், விரும்பியவர்கள் நிறுவிப் பார்க்கும்படி ஸ்னாப் என்ற தனி நிறுவல் தொகுப்பாகக் கொடுத்தார்கள். ஆறு மாதம் உண்மையான கணினிகளில் ஓடி, அடிபட்டு, 18.10-இல் இயல்புநிலை ஆனது. வரைவுப் படத்தில் எல்லாத் தலைப்பும் சின்னதாக, எல்லாப் பெயரும் அழகாக இருக்கும். உண்மையான கணினியில் ஒரு கோப்பின் பெயர் 'மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கடிதம் திருத்தியது புதியது 2' என்று இருக்கும். அப்போது தெரியும் டிசைனின் லட்சணம்.

நானும் ஐகான் வரைந்தால் தெரிந்த நாலைந்து பேரிடம் காட்டுவது வழக்கம்: நூலகத்தில் வேலை பார்ப்பவர், ஒரு தமிழாசிரியை, அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவர். பெரிதாக்கிக் காட்டுவதில்லை, திரையில் அது இருக்கப்போகும் அதே அளவில். "இது எதுக்குன்னு நினைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்பேன். ஒத்திசைவுக்கு, அதாவது சிங்க்குக்கு, நான் வரைந்த இரண்டு சுழல் அம்புகளைப் பார்த்து ஆசிரியை, "திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கிறதுக்கு, சார்" என்றார். அதை அப்படியே மதிப்பாய்வில் எழுதினேன். அம்புகளோடு ஒரு சின்ன மேகம் சேர்ந்தது. அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அந்த ஐகானை அவர்தான் திருத்தினார்.

முடிவு எடுத்த பிறகு செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காரணத்தை எழுதி வையுங்கள், மாற்றத்தோடு சேர்த்துப் பதியும் கமிட் செய்தியிலேயே. 'ஐகானை மாற்றினேன்' என்று எழுதினால் இரண்டு வருடம் கழித்து வேறொருவர் வந்து பழையதையே திரும்பப் போடுவார். 'கருந்தோற்றத்தில் தெரியவில்லை, 16 பிக்சலில் நீக்கு ஐகானோடு குழம்பியது, அதனால் மாற்றம்' என்று இரண்டு வரி இருந்தால் அவர் அதையும் சேர்த்து யோசிப்பார். நீங்கள் அப்போது அங்கே இருக்க மாட்டீர்கள். திருமணம், குழந்தை, புது வேலை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தன்னார்வலர்கள் வருவதும் போவதும் இயற்கை. அதனால்தான் மூலக்கோப்பும் திட்டத்தின் கோப்புகள் இருக்கும் பொதுக் களஞ்சியத்திலேயே இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். பிஎன்ஜி படத்தை மட்டும் போட்டுவிட்டு எஸ்விஜியை உங்கள் கணினியில் வைத்துக்கொண்டால், உங்கள் ஹார்ட் டிஸ்க் போகும் அன்று அந்த டிசைனும் போகும். அடுத்தவர் முதலிலிருந்து வரைய வேண்டும். பயன்படுத்திய எழுத்துருவின் பெயர், அதன் உரிமம், வண்ணங்களின் எண்கள் மூன்றையும் ஒரு சாதாரண உரைக் கோப்பில் எழுதி அதே அடைவில் போடுங்கள். எழுத்துகளை வடிவமாக மாற்றும் முன் இருந்த பிரதியையும் சேர்த்துப் போடுங்கள், இல்லையென்றால் பின்னால் வருகிறவரால் ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது.